வெள்ளையில் வெள்ளை: பழைய டமாஸ்க் மேசைவிரிப்பு கைக்கு வந்தால்

பெல்ஜியத்திலோ ஹாலந்திலோ அயர்லாந்திலோ பழம்பொருள் சந்தைக்குப் போனால் பீங்கான் தட்டுகளும் வெள்ளிக் கரண்டிகளும் பரப்பியிருக்கும் பலகைக்கு அடியில், பெட்டிக்குள் மடித்துப் போட்ட வெள்ளைத் துணிகள் கிடக்கும். தட்டையும் கரண்டியையும் விலை கேட்கிறவர்கள் அந்தப் பெட்டிப் பக்கம் குனிவதில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் லினன் டமாஸ்க்: ஆளிச்செடியின் நாரில் நூல் நூற்று, வெள்ளையிலேயே பூவும் கொடியும் உருவமும் நெய்த மேசைவிரிப்பும் கைத்துண்டும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இதே துணியை வெள்ளிப் பாத்திரங்களோடு சேர்த்து உயிலில் எழுதிவைத்தார்கள். வீட்டுச் சொத்துக் கணக்கு எடுக்கும்போது டமாஸ்க் எத்தனை டஜன், கட்டம் போட்ட நெசவு எத்தனை டஜன், சாதாரணத் துணி எத்தனை டஜன் என்று தரம் பிரித்து எண்ணினார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் வாங்கி வந்தார், என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று: துவைப்பதற்கு முன் பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை தண்ணீரில் போடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தலைக்கு மேல் குழல்விளக்கு எரியும் அறையில் இது வெறும் வெள்ளைத் துணிதான். சன்னல் ஓரத்து மேசையில் விரித்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி வைத்து, மேசையைச் சுற்றி நடந்து பாருங்கள். இந்தப் பக்கம் நின்றபோது பளபளத்த பூ அந்தப் பக்கம் போனதும் மங்கிவிடும். மங்கியிருந்த வெளி பளபளக்கும். சாயமோ பூத்தையலோ இரண்டாவது நிறத்து நூலோ இதில் இல்லை. பாவும் ஊடையும் ஒரே வெள்ளை. சாட்டின் நெசவில் ஒரு நூல் நான்கு நூல்களுக்கு மேலே மிதந்து ஐந்தாவதற்கு அடியில் இறங்கும். உருவத்தைச் சுற்றியுள்ள வெளியில் பாவு மேலே மிதக்கிறது, உருவத்தில் ஊடை மேலே மிதக்கிறது. ஒன்று நீளவாட்டம், மற்றது குறுக்குவாட்டம் என்பதால் ஒளி இரண்டிலும் வேறு வேறு திசையில் தெறிக்கிறது. பிற்காலத்தில் ஏழின் மேல் மிதந்து எட்டாவதன் அடியில் இறங்கும் நெசவும் வந்தது. ‘டபுள் டமாஸ்க்’ என்று விற்ற உயர்ந்த ரகம் அதுதான். பளபளப்பு அதில் இன்னும் கூடுதல்.

இந்தத் துணி மெழுகுவத்தி வெளிச்சத்துக்காக நெய்தது. சுடர் மேசையை ஒட்டி எரியும், காற்றில் அசையும். அசையும்போது துணியில் இருக்கும் மானும் வேடனும் தோன்றி மறைவார்கள். ஒரு முறையாவது இரவில் விளக்கை அணைத்துவிட்டு, துணிக்கு எட்டாத தூரத்தில் ஓர் அகலை ஏற்றிவைத்துப் பாருங்கள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசல் டமாஸ்க்கில் முன்னால் பளபளப்பது பின்னால் மங்கலாகவும், முன்னால் மங்கியது பின்னால் பளபளப்பாகவும் இருக்கும். புகைப்பட நெகட்டிவ் போல. அச்சடித்த துணியிலும் பூத்தையல் துணியிலும் இது நடக்காது.

மூலையைத் தேடுங்கள். ஓரம் மடித்துத் தைத்த இடத்துக்கு அருகே, சுண்டுவிரல் நகமளவு குறுக்குத் தையலில் இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கலாம். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். எழுத்து வீட்டாரின் பெயர். பெரும்பாலும் மணப்பெண்ணின் பெயர். எண், அந்த டஜனில் இது எத்தனையாவது என்பது. மொத்தமாக வெளுக்கப் போடும் துணி பிற வீட்டாரின் துணியோடு கலந்துவிடாமல் இருக்கவும், எல்லாத் துண்டும் ஒரே அளவு தேயும்படி முறைவைத்து எடுக்கவும் இந்தக் குறி. நம் ஊரில் சலவைத் தொழிலாளர் துணிக்குப் போடும் குறியும் இதே தேவையில் பிறந்ததுதான். இந்தத் தையலைப் பிரித்துவிட்டு விற்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். குறி உள்ள துணிக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து.

உருவங்களைப் படியுங்கள். பூவேலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராதீர்கள். கானான் நாட்டை வேவு பார்த்துத் திரும்பிய யோசுவாவும் காலேபும் பெரிய திராட்சைக் குலையைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வரும் காட்சி பழைய டமாஸ்க்கில் அடிக்கடி வரும். விருந்து மேசைக்குப் பொருத்தமான கதை. தேவதூதன் மரியாளிடம் செய்தி சொல்வது, விலங்குகளை மயக்கி யாழ் வாசிக்கும் கிரேக்க ஓர்பியஸ், நாய்களோடு மான் துரத்தும் வேட்டை, குடும்பச் சின்னங்கள், 17ஆம் நூற்றாண்டில் ட்யூலிப் மலர்கள் என்று பட்டியல் நீளும்.

உருவங்களுக்கு நடுவே எழுத்து இருந்தால் கூர்ந்து பாருங்கள். ஒரு வரிசையில் நேராக வாசிக்க முடிகிற பெயர், பக்கத்து வரிசையில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். நெய்தவருக்கு எழுத்துத் தெரியாததால் வந்த பிழை அல்ல இது. அந்தக் காலத்துத் தறியில் உருவத்துக்குத் தேவையான பாவு நூல்களைக் கயிறுகளில் கட்டி வைப்பார்கள். நெசவாளர் ஒவ்வொரு ஊடை விடும்போதும் உதவிக்கு இருக்கும் பையன் அதற்குரிய கயிற்றுக் கட்டை இழுத்துப் பிடிப்பான். ஜக்கார்டு தறிப்பொறி வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் ‘அடை’ கட்டி இரண்டு பேர் நெய்ததைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும். கயிறுகளின் எண்ணிக்கையைக் குறைக்க, பாதி உருவத்தை மட்டும் கட்டி, மறுபாதியை அதன் எதிரொளியாக வரவழைத்தார்கள். அதனால்தான் எழுத்தும் திரும்பிக்கொள்கிறது. தறி எப்படி இயங்கியது என்பதைத் துணியே சொல்லும் இடம் இது. எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான்.

இந்த நெசவு வளர்ந்த ஊர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரம் முதல் பெரிய மையம். அந்த வட்டாரத்தில் ஓடும் லையெ ஆற்றில் ஆளித்தண்டை ஊறவைத்து நார் பிரித்தார்கள். நாரின் நிறத்தால் அதற்குப் ‘பொன்னாறு’ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான போரும் சமயக் கொடுமையும் நெசவாளர்களை வடக்கே துரத்தின. 1585-இல் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியர் கையில் விழுந்த பிறகு அந்த ஓட்டம் இன்னும் பெருகியது. கோர்ட்ரைக்கிலிருந்து போய் ஹார்லெமில் தறி போட்ட பாஸ்ஹியர் லாமெர்டைன் டமாஸ்க் நெசவின் பெரும்பெயர்களில் ஒருவர். அகதியாகப் போனவர்கள் கையோடு கொண்டுபோன தொழில்தான் ஹாலந்தின் பெருமையாக மாறியது. பின்னர் ஜெர்மனியின் சாக்சனியில் குரோஸ்ஷோனாவ் என்ற சிற்றூரில் 1666 முதல் டமாஸ்க் நெய்தார்கள். ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினும் அயர்லாந்தின் லிஸ்பர்னும் 18ஆம் நூற்றாண்டில் சேர்ந்துகொண்டன.

வெண்மைக்கு ஆன காலத்தை எண்ணிப் பாருங்கள். இந்தத் துணி ஏன் ஆடம்பரப் பொருள் என்று கேட்டால் நெசவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நெசவுக்குச் சமமாக நான் வெளுப்பைச் சொல்வேன். தறியிலிருந்து இறங்கும் லினன் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். பருத்தியைவிட லினனை வெளுப்பது கடினம். ஹார்லெமின் மணல்மேட்டுப் பகுதியில் நல்ல தண்ணீரும் புல்வெளியும் இருந்தன. அங்கே துணியைச் சாம்பல் காரம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, அலசி, புல்மேல் விரித்து, காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மறுபடி காரம், மறுபடி புல். இப்படிப் பலமுறை ஆன பிறகு மோரில் ஊறப்போட்டுக் காரத்தை முறிப்பார்கள். மறுபடி அலசல், மறுபடி வெயில். ஒரு துணி முழு வெண்மைக்கு வர ஏறக்குறைய அரை ஆண்டு. குளிர்கால மாதங்களில் வேலை கிடையாது. வெளிநாடுகளில் நெய்த லினனும் இங்கே வந்து வெளுத்துப் போனது.

உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து ஆற்றுமணலில் துணி உலர்த்திய நம் சலவைத் தொழிலாளர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. காரம், ஆவி, வெயில், ஈரம்: இரண்டு நாட்டிலும் அறிந்த உண்மை ஒன்றே. யாக்கோப் வான் ரோய்ஸ்டால் 1670-களில் வரைந்த, ஹார்லெமின் வெளுப்பு நிலங்களைக் காட்டும் ஓவியம் ஹேக் நகரின் மவுரிட்ஷௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வானம். அடியில் பச்சை நிலத்தில் வெள்ளை வெள்ளையாக நீண்ட பட்டைகள். அந்தப் பட்டைகள்தான் துணி. ஓவியன் அவற்றை ஊரின் பெருமையாகவே வரைந்திருக்கிறான்.

1756-இல் எடின்பரோவின் பிரான்சிஸ் ஹோம் மோருக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1799-இல் சார்லஸ் டெனன்ட் வெளுப்புத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கு நாள்கணக்காகக் குறைந்தது. வெண்மை மலிவானதும் அதன் மதிப்பும் இறங்கியது.

ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். லினன் நனைந்தால் பலம் கூடும் நார். பாதி காய்ந்த நிலையில், சூடான பெட்டியால் முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் தேய்த்தால்தான் பளபளப்பு எழும். முழுக்கக் காய்ந்த பிறகு தேய்த்தால் சுருக்கமும் போகாது, ஒளியும் வராது.

மேசையில் விரியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் 19, 20ஆம் நூற்றாண்டுத் துணிகளை ஆண்டுக்கு ஓரிரு முறையாவது பயன்படுத்த வேண்டும் என்பதே என் எண்ணம். இவை பயன்படுத்துவதற்கென்றே நெய்தவை. 17ஆம் நூற்றாண்டுக் கைத்துண்டு ஒன்றைப் பார்த்தால் அதன் அளவு வியக்கவைக்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். வட ஐரோப்பாவில் முள்கரண்டி பரவலாகாத காலம் அது. கையால் உண்டவர்கள் தோளிலோ முன்கையிலோ போட்டுக்கொண்ட துணி. கையால் உண்ணும் நமக்கு அந்த அளவின் காரணம் சொல்லாமலே விளங்கும்.

செய்யக்கூடாதவை

குளோரின் கலந்த வெளுப்பான் ஊற்றாதீர்கள். கண்டிப்பாக வேண்டாம். இதை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். வேட்டைக்காட்சி நெய்த கைத்துண்டு ஒன்றில் துருக்கறை இருந்தது. பழைய ஊசி ஏதோ துணிக்குள் கிடந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வெளுப்பானில் நனைத்தேன். அன்று கறை சற்று மங்கியது; அடுத்த அலசலில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. நாயின் தலை இருந்த இடம். குளோரின் நாரின் செல்லுலோஸை அறுக்கிறது. இரும்புத்துரு கூட இருந்தால் அந்த அழிவு இன்னும் வேகம். அந்தக் கைத்துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்; கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக. துருவுக்கு எலுமிச்சைச் சாறு விடுகிறவர்கள், பலமுறை அலசி அமிலத்தை முழுக்க நீக்கிவிட வேண்டும். தங்கிய அமிலமும் நூலை அரிக்கும். உண்மையிலேயே பழைய துணியாக இருந்தால் துருவை விட்டுவிடுங்கள்.

சொட்டு நீலமும் பளீர் வெண்மை தரும் சலவைத்தூளும் வேண்டாம். பழைய லினனின் வெண்மை தந்தத்தின் வெண்மை. சலவைத்தூளில் உள்ள ஒளிரூட்டிகள் நீலம் கலந்த வெள்ளையை அதன்மேல் ஏற்றிவிடும். பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. மென்மையான சோப்பு, அகலமான தொட்டி, நிறையத் தண்ணீர் போதும்.

மஞ்சள் கறைக்கு முதலில் சோப்புப் போடாதீர்கள். சாம்பார் சிந்தியவுடன் நம் கை சோப்புக்குத்தான் போகும். காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கும், பார்க்கிறவர் பதறிப்போய் அழுத்தித் தேய்ப்பார், மிதக்கும் நூல்கள் அறுந்துவிடும். வெறும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மாடி வெயிலில் ஒரு சுத்தமான வெள்ளை வேட்டிமேல் விரித்துவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானே மங்கும். ஹார்லெம்காரர்கள் புல்மேல் செய்ததும் வெயிலை நம்பித்தான்.

நனைந்த துணியை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். மூன்று நான்கு மீட்டர் நீளத் துணி தண்ணீர் குடித்தால் அதன் எடையே அதைக் கிழிக்கும். அடியில் ஒரு வலையோ பழைய போர்வையோ போட்டு, அதோடு சேர்த்துத் தூக்குங்கள்.

ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைக்காதீர்கள். லினன் நாருக்கு நெகிழ்ச்சி குறைவு. மடித்த கோட்டிலேயே மறுபடி மறுபடி அழுத்தினால் அந்தக் கோட்டில் நார் முறியும். பழைய விரிப்புகள் முதலில் கிழிவது மடிப்பில்தான். அந்தக் காலத்து வீடுகளில் திருகு வைத்த மரப்பலகைகளுக்கு இடையே துணியை அழுத்தி, கட்டம் கட்டமாக மடிப்பு விழச்செய்தார்கள். மடிப்புக்கோடு தெரிவதே அன்று வீட்டின் ஒழுங்குக்கு அடையாளம். விருந்துகளில் கைத்துண்டை மீனாகவும் பறவையாகவும் மடிப்பது தனிக் கலையாகவே இருந்தது. மத்தியா கீகர் என்பவரின், 1639-இல் இத்தாலியின் பதுவாவில் அச்சான நூலில் அதற்குப் படங்களே உண்டு. அவர்கள் கையில் இருந்தது புதுத்துணி. நம் கையில் இருப்பது இருநூறு, முந்நூறு ஆண்டு கண்ட துணி. அட்டைக்குழாயில் அமிலமில்லாத தாளைச் சுற்றி, அதன்மேல் துணியைச் சுருட்டி வையுங்கள்.

கஞ்சி போட்டு வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அதுதான் விருந்து. மேசையில் விரிக்கும் நாளில் போட்டு, பிறகு அலசிவிட்டு எடுத்து வைக்கலாம். அந்துருண்டையும் வேண்டாம், அந்துப்பூச்சி தின்பது கம்பளியும் பட்டும், சுத்தமான லினன் அதற்கு உணவல்ல. பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். நேரடியாக மரப்பலகைமேல் வைத்தால் பழுப்புக் கோடு விழும்.

பெயரைக் கேட்டு டமாஸ்கஸில் நெய்தது என்று நினைக்காதீர்கள். அந்த நகரத்தின் வழியாக வந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற உருவப்பட்டின் பெயரை இந்த நெசவும் வாங்கிக்கொண்டது. லினன் டமாஸ்க் ஐரோப்பாவின் ஆளி வயல்களைச் சேர்ந்தது.

பருத்தியை லினன் என்று வாங்காதீர்கள். சோதிக்கிறேன் என்று நூலைப் பிடுங்கி எரிக்கவும் செய்யாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பருத்தியைக் காரத்தில் நனைத்து இழுத்துப் பிடித்துப் பளபளப்பூட்டும் முறை வந்தது. அதன் பிறகு பருத்தி டமாஸ்க் ஏராளம். கரூரிலிருந்து இன்று உலகமெங்கும் போகும் மேசைவிரிப்புகளும் பெரும்பாலும் பருத்திதான். அவை நல்ல துணிகள், ஆனால் வேறு பொருள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். லினன் குளிரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அங்கங்கே நூல் தடித்து மெலிவது தெரியும். அது குறையல்ல, நாரின் இயல்பு.

வயதைக் கூட்டிச் சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். மிக நெருக்கமாக, இடைவெளியில்லாமல் பூவும் இலையும் நிழலுமாக நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் ஜக்கார்டு காலம். லியோன் நகரத்து ஜக்கார்டின் பொறி 1804-இல் வந்தது. கயிறு இழுத்த பையனின் வேலையைத் துளையிட்ட அட்டைகள் எடுத்துக்கொண்டன. ஜக்கார்டு துணி தாழ்ந்தது என்று ஒதுக்கவும் கூடாது. 1900-களின் தொடக்கத்தில் கிறிஸ் லெபோ என்ற டச்சு ஓவியர், வான் டிஸல் ஆலைக்கு வரைந்து கொடுத்த டமாஸ்க்குகள் எந்த அரண்மனைத் துணிக்கும் குறைந்தவை அல்ல.

ஓவியத்தில் மேசைவிரிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். மிலானில் லியனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ முன்னால் நிற்பவர்கள் முகங்களை மட்டுமே பார்க்கிறார்கள். மேசையின் இரு ஓரங்களிலும் தொங்கும் துணியில் நீலப் பட்டைகள் இருக்கின்றன. அது பெருஜியா நகரத்து நெசவு வகை: வெள்ளை லினனில் நீலப் பருத்தி நூலால் பறவைகளையும் விலங்குகளையும் பட்டைகளாக நெய்வார்கள். மடிப்புக்கோடுகளையும் லியனார்டோ விடாமல் வரைந்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில், பீட்டர் டி ஹோக் 1663-இல் வரைந்த ஓவியத்தில் இரண்டு பெண்கள் துணி அலமாரிமுன் நின்று மடித்த வெள்ளைத் துணியை அடுக்குகிறார்கள். அந்த வீட்டின் செல்வம் அந்த அலமாரிக்குள் இருந்தது.

வெட்டாதீர்கள். கிழிசல் இருக்கிறது, முழு விரிப்பாகப் பயன்படாது என்று சொல்லித் தலையணை உறையாகவும் பையாகவும் வெட்டித் தைத்து விற்கிறார்கள். வெட்டியதும் உருவத்தின் தொடர்ச்சி போகும், ஓரம் போகும், மூலையில் இருக்கும் எழுத்து போகும். கிழிந்த துணியில்கூட நெசவின் முழுக் கணக்கும் இருக்கிறது. உங்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் நெசவு கற்பிக்கும் ஒரு கல்லூரிக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் வீட்டுத் துணி என்று சொல்லி விற்றார்கள், மூலையில் என்ன எழுத்து இருந்தது என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, துணியைச் சுருட்டிய அட்டைக்குழாய்க்குள் போட்டு வையுங்கள். பேனா வேண்டாம், மை துணியில் இறங்கிவிடும்.